டிரெட்மில் வாங்கலாமா? ஒரு பழைய வங்கி கிளார்க்கின் கணக்கு

(நம் சங்கத்தின் ஜனவரி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறேன். கூட்டத்தில் எழுந்த இரண்டு கேள்விகளையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.)



விஷயம் உங்களுக்குத் தெரியும். கீழ்த்தளத்து ஜிம் ரூமில் பில்டர் கொடுத்த இரண்டு டிரெட்மில்லில் ஒன்று இரண்டு வருஷமாகப் படுத்துவிட்டது. இன்னொன்று ஓடும்போது அந்தக் கால மாவு மில் மாதிரிச் சத்தம் போடுகிறது. மல்டி ஜிம்மின் கம்பி கடல் காற்றில் துருப்பிடித்துவிட்டது. எல்லாவற்றையும் மாற்ற வரியோடு சேர்த்து 6 லட்சத்து 20 ஆயிரத்துக்குக் கொட்டேஷன் வந்திருக்கிறது. பணம் கார்ப்பஸ் ஃபண்டிலிருந்து எடுக்க வேண்டும். மார்ச் மாதப் பொதுக்குழுவில் ஓட்டெடுப்பு.

செயலாளர் அம்மா என்னிடம், "சார், நீங்க பேங்க்ல இருந்தவர், இந்த மார்க்கெட் எப்படிப் போயிட்டிருக்குன்னு படிச்சுட்டு வந்து சொல்லுங்களேன்" என்றார்கள். என் உடம்பைப் பார்த்துக் கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். தியாகராயா கல்லூரியில் பி.காம். முடித்து, 1981ல் கிளார்க்காகச் சேர்ந்து, 2019ல் ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்தது வரவும் செலவும்தான். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தச் சந்தையைப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் என் சொந்த நஷ்டக் கணக்கு

ஊருக்குப் புத்தி சொல்வதற்கு முன் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. ஜிம் எல்லாம் மூடினார்கள். நம் தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 10க்குப் பிறகுதான் திறந்தார்கள். என் காலை நடை நின்றுபோனது. சர்க்கரை ஏறியது. மகன் போனிலேயே ஒரு டிரெட்மில் ஆர்டர் போட்டான். 32,000 ரூபாய். நோ காஸ்ட் இ.எம்.ஐ.

வங்கிப் பழக்கம், நடந்த நாட்களை டைரியில் குறித்து வைத்தேன். முதல் மாதம் 21 நாள். இரண்டாவது மாதம் 14. மூன்றாவது மாதம் 9. அப்புறம் விட்டு விட்டு 6 நாள். ஆகமொத்தம் 50 நடை. பிறகு அது எங்கள் வீட்டில் ஈரத்துணி காயப்போடும் இடமாகப் பதவி உயர்வு பெற்றது. மழைக்காலத்தில் நல்ல உபயோகம், பொய் சொல்லக் கூடாது. 2023ல் 7,000 ரூபாய்க்கு விற்றேன். 25,000 நஷ்டம். 50 நடைக்கு 25,000 என்றால் ஒரு நடைக்கு 500 ரூபாய். மெரினாவுக்கு ஆட்டோவில் போய், நடந்துவிட்டு, சுண்டல் சாப்பிட்டுத் திரும்பி வந்திருந்தாலும் மிச்சம் ஆகியிருக்கும்.

இன்று நான் சொல்லப்போகும் ஒரே விஷயம் இதுதான். ஒரு உடற்பயிற்சி மெஷினின் விலை பில்லில் இருப்பது அல்ல. போட்ட பணத்தை, அதைப் பயன்படுத்திய தடவைகளால் வகுத்தால் என்ன வருகிறதோ அதுதான் விலை. இந்தச் சந்தையில் விற்பவர்கள் எல்லாரும் முதல் எண்ணைச் சொல்வார்கள். இரண்டாவது எண்ணை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கர்லாக்கட்டையிலிருந்து கன்டெய்னர் வரை

நம் வடசென்னைக்கு உடற்பயிற்சி புதிது அல்ல. நான் பையனாக இருந்தபோது காசிமேடு, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் தெருவுக்கு ஒரு தேகப்பயிற்சிக் கூடம் இருந்த மாதிரி நினைவு. ஓலைக் கொட்டகை, ஒரு ஆஞ்சநேயர் படம், ஒரு கண்ணாடி, கர்லாக்கட்டை, சிமெண்டில் வார்த்த எடை. தண்டாலும் பஸ்கியும் போட மெஷின் தேவையில்லை. 2021ல் வந்த சார்பட்டா பரம்பரை படம் பார்த்தவர்களுக்கு எழுபதுகளின் அந்தக் குத்துச்சண்டைக் காலம் தெரியும். நம் கர்லாக்கட்டையைப் போன்ற கட்டைகளைச் சுழற்றும் பயிற்சியை வெள்ளைக்கார சிப்பாய்கள் இங்கே பார்த்துவிட்டுத் தங்கள் ஊருக்குக் கொண்டு போனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகவே இருந்தது. ஆக, ஒரு காலத்தில் இந்தச் சரக்கை ஏற்றுமதி செய்தவர்கள் நாம்.

இன்னொரு பக்கம் டிரெட்மில் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1818 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற இன்ஜினியர் சிறைக் கைதிகளுக்குத் தண்டனையாகச் செய்த மிதி சக்கரம்தான் அதன் மூதாதை. அன்று கட்டாயப்படுத்தி ஏற்றினார்கள். இன்று நாம் இ.எம்.ஐ. கட்டி ஏறுகிறோம்.

நடுவில் வந்த அலைகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எழுபது, எண்பதுகளில் பத்திரிகையைத் திறந்தால் புல்ஒர்க்கர் விளம்பரம். குழாய் மாதிரி ஒன்றை இரண்டு கையாலும் அமுக்க வேண்டும். தபாலில் வரும். பிறகு டி.வி.யில் டெலிஷாப்பிங் காலம். வயிற்றில் கட்டும் பெல்ட், படுத்துக்கொண்டு காலை ஆட்டும் மெஷின், 'இப்போதே அழையுங்கள்' என்ற குரல். அடுத்து மால் காலம். பிரான்ஸ் நாட்டு டெகாத்லான் 2009ல் இந்தியாவுக்கு வந்தது. டம்பெல்லைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்கும் பழக்கம் நடுத்தர வர்க்கத்துக்கு வந்தது. இப்போது எல்லாம் போனில்.

ஒவ்வொரு அலையிலும் பொருள் மாறியது. விளம்பரத்தில் சொன்ன வாக்குறுதி மட்டும் மாறவில்லை: கஷ்டப்படாமல், வீட்டிலேயே, சில நிமிஷத்தில். பரணில் தேடினால் நம் வீடுகளில் இந்த எல்லாக் காலத்துச் சாமானும் கிடைக்கும்.

சரக்கு எங்கே உற்பத்தியாகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். டம்பெல், வெயிட் பிளேட், பெஞ்ச், கம்பி போன்ற இரும்புச் சாமான்கள் நம் நாட்டிலேயே தயாராகின்றன. மீரட்டும் ஜலந்தரும் முக்கியமான ஊர்கள். 1947 பிரிவினையில் சியால்கோட்டிலிருந்து வந்த விளையாட்டுப் பொருள் கைவினைஞர்கள் அந்த இரண்டு ஊர்களிலும் குடியேறினார்கள். அந்தத் தொழில் அப்படி வேர் பிடித்தது. ஆனால் மோட்டாரும் எலக்ட்ரானிக் போர்டும் உள்ள டிரெட்மில் போன்றவை பெரும்பாலும் சீனா, தைவானிலிருந்து முழுதாக வருகின்றன, அல்லது பாகங்களாக வந்து இங்கே பூட்டப்படுகின்றன.

அந்த இறக்குமதி நமக்கு அந்நியம் அல்ல. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் நம்மை மணிக்கணக்கில் நிற்க வைக்கும் டிரெய்லர் லாரிகளைத் தினமும் திட்டுகிறோமே, அவற்றில் வரும் கன்டெய்னர்களில் இந்த மாதிரிச் சரக்கும் வருகிறது. 1983லேயே நம் துறைமுகத்துக்கு கன்டெய்னர் முனையம் வந்துவிட்டது. 2020 கடைசியிலும் 2021லும் உலகம் முழுக்க கன்டெய்னர் கிடைக்காமல் கப்பல் வாடகை பல மடங்கு ஏறியது நினைவிருக்கலாம். வீட்டுக்கு வீடு டிரெட்மில் கேட்ட அதே நேரம் அது. விலை ஏன் அப்படி இருந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நான் வாங்கியது சந்தையின் உச்சியில். ஷேர் மார்க்கெட்டில் செய்யக்கூடாது என்று கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

ஏறியதும் இறங்கியதும்

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் பெலோட்டான் என்று ஒரு கம்பெனி. சைக்கிள், டிரெட்மில் இரண்டுக்கும் திரை பொருத்தி, மாதச் சந்தாவில் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள். 2020ல் அதன் பங்கு விலை வானத்துக்கு ஏறியது. ஊரடங்கு போன வேகம் என்றைக்கும் இருக்கும் என்று நினைத்தார்கள். 2022 பிப்ரவரியில் 2,800 பேரை வேலையை விட்டு அனுப்ப வேண்டியதாயிற்று, தலைமை நிர்வாகியும் விலகினார். போஃப்ளெக்ஸ் என்ற இன்னொரு பழைய பெயர் 2024 மார்ச்சில் திவால் மனு போட்டது. வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் ஒரே வருஷத்தில் வாங்கிவிட்டால் அடுத்த வருஷம் யாருக்கு விற்பது?

இந்தியாவிலும் ஏற்ற இறக்கம் இல்லாமல் இல்லை. மும்பையில் 1932ல் ஆரம்பித்த தல்வல்கர்ஸ் ஜிம் குடும்பத்தின் கம்பெனி 2010ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2019ல் கடன் கட்ட முடியாமல் சிக்கியது. 2016ல் பெங்களூரில் தொடங்கிய கல்ட்.ஃபிட் வேறு வழி பிடித்தது. ஜிம், ஆப், மெஷின் விற்பனை மூன்றையும் ஒன்றாகக் கட்டியது. 2021ல் டாடா டிஜிட்டல் அதில் முதலீடு செய்தது. திசை புரிகிறதா? மெஷினை விற்று ஒருமுறை லாபம் பார்ப்பதைவிட, மாதாமாதம் சந்தா வாங்குவது நல்லது என்று வியாபாரிகள் கண்டுகொண்டார்கள். நாம் மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் விடுகிறோம் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வே இருக்கிறது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2006ல் வெளியிட்டார்கள். தலைப்பே 'ஜிம்முக்குப் போகாமல் இருக்கப் பணம் கட்டுவது' என்கிற மாதிரிதான். அமெரிக்காவில் மூன்று ஜிம்களில் 7,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். மாதச் சந்தா 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் நாலைந்து தடவைதான் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. அதே ஜிம்மில் சந்தா இல்லாமல் பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கிப் போனால் ஒரு தடவைக்கு 10 டாலர்தான். மனிதன் எதிர்காலத்துத் தன்னைப் பற்றி எப்போதும் நல்ல அபிப்பிராயம் வைத்திருக்கிறான். நாளைக்குக் காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவான் என்று நம்புகிறான். ஜனவரியில் ஜிம் விளம்பரம் ஏன் அதிகம் வருகிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

வரியும் இ.எம்.ஐ.யும்

இது என் பேட்டை. சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது உடற்பயிற்சிச் சாதனங்கள் 28 சதவீதத்தில் இருந்தன. அதே வருஷம் நவம்பரில் 18 ஆக்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வந்த மாற்றத்தில் ஜிம் கட்டணத்துக்கான வரி 18லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மற்ற விளையாட்டுப் பொருள்களுக்கும் 12லிருந்து 5 ஆனது. டிரெட்மில், டம்பெல் மாதிரியான உடற்பயிற்சிச் சாதனம் மட்டும் 18லேயே நிற்கிறது. கிரிக்கெட் மட்டைக்கு 5, டம்பெல்லுக்கு 18.

ஜிம் கட்டணத்தில் வரி குறைந்ததே, 13 சதவீதமும் நம் பைக்கு வருமா? வராது. அந்த 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அதாவது ஜிம் நடத்துகிறவர் மெஷினுக்கும் வாடகைக்கும் கட்டிய 18 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள முடியாது. அது அவர் செலவில் ஏறும். ஒரு பகுதி நம் கட்டணத்தில் திரும்பி வரும். நம் சங்கத்துக்கும் அதே நிலைதான். வீட்டுக்கு மாதப் பராமரிப்பு 7,500 ரூபாய்க்குக் கீழே இருப்பதால் நாம் ஜி.எஸ்.டி. வசூலிப்பதில்லை. ஆகவே மெஷின் மேல் கட்டும் 18 சதவீதமும் முழுச் செலவு. கொட்டேஷனில் வரிக்கு முந்தைய தொகையைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' பற்றி ஒரு வார்த்தை. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி எங்கேயோ இருக்கிறது. கொடுக்க வேண்டிய தள்ளுபடியில் ஒளிந்திருக்கும், அல்லது பிராசஸிங் கட்டணமாக வரும். கிரெடிட் கார்டில் போட்டால் அந்த வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. என் 32,000 ரூபாயிலும் அது இருந்தது. மகனுக்கு இன்னும் சொல்லவில்லை.

இப்போது சந்தை எந்தப் பக்கம் போகிறது?

ஆராய்ச்சி நிறுவனங்கள் வெளியிடும் 'இத்தனை ஆயிரம் கோடி சந்தை' அறிக்கைகள் பலவற்றைப் புரட்டினேன். ஒன்றின் எண் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. ஆகவே அதை விட்டுவிட்டு, எல்லாரும் ஒத்துக்கொள்கிற திசையை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, நம் நாட்டில் ஜிம்முக்குச் சந்தா கட்டுபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதனால்தான் எல்லாக் கம்பெனிக்கும் இந்தியா மேல் கண். இரண்டு, ஓடும் மெஷின் மோகம் கொஞ்சம் தணிந்து, எடை தூக்கும் பயிற்சிக்கு இளைஞர்களும் பெண்களும் திரும்பியிருக்கிறார்கள். 2025ல் இங்கே விற்பனைக்கு வந்த எடை குறைக்கும் ஊசிகளும் ஒரு காரணம். அவை போடும்போது கொழுப்போடு தசையும் குறையும் என்பதால் டாக்டர்கள் எடைப் பயிற்சியை வலியுறுத்துகிறார்கள். மூன்று, நம்மைப் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளே ஒரு பெரிய வாடிக்கையாளர் கூட்டம். பில்டர் விளம்பரத்தாளில் ஜிம் படம் இல்லாமல் இன்று பிளாட் விற்க முடியாது. வாங்குவது பில்டர், பராமரிப்பது நாம். பில்டருக்கு வேண்டியது படத்தில் அழகாகத் தெரியும் மெஷின். நமக்கு வேண்டியது பத்து வருஷம் உழைக்கும் மெஷின். இரண்டும் ஒன்று அல்ல என்பதற்கு நம் கீழ்த்தளமே சாட்சி.

நமக்குத் தேவை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நம் சென்னை டாக்டர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 2023ல் வந்தது. நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். 2024ல் லான்செட் பத்திரிகைக் குழுமத்தில் வந்த இன்னொரு ஆய்வு, போதிய உடல் உழைப்பு இல்லாத இந்தியர்கள் 2000ல் நூற்றுக்கு 22 பேர், 2022ல் கிட்டத்தட்ட 50 பேர் என்கிறது. ஆண்களில் 42, பெண்களில் 57. உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை போன்ற பயிற்சி, இரண்டு நாளாவது தசைக்கு வேலை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: வாரம் மூன்று நாள் உடல் சமநிலைக்கான பயிற்சி. கீழே விழாமல் இருப்பதற்காக.

இந்தக் கடைசி வரியை நான் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி 2022ல் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அப்போது எங்கள் ஹாலில் 32,000 ரூபாய் மெஷின் நின்றுகொண்டிருந்தது. அவள் விழுந்த துண்டும் அதன் மேல் காயப்போட்டிருந்ததுதான். கட்டுப் பிரித்த பிறகு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து கொடுத்தது ஒரு ரப்பர் பேண்ட், ஒரு நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்து எழு, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நில். அவ்வளவுதான். வாரம் மூன்று நாள் அந்தப் பெண் வந்தாள், அதனால் அது நடந்தது. தானாகச் செய் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்த ரப்பர் பேண்டும் பரணுக்குப் போயிருக்கும். மெஷின் அழைக்காது. ஆள் அழைப்பார்.

கொட்டேஷனுக்கு வருவோம்

அதில் இரண்டு கமர்ஷியல் டிரெட்மில் இருக்கிறது. ஒன்று 2 லட்சம், வரியோடு 2,36,000. ஏழு வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்குச் சுமார் 33,700. ஏ.எம்.சி., பெல்ட், மின்சாரம் என்று ஒரு 14,300 சேர்த்தால் வருஷம் 48,000. தினம் 10 பேர், வருஷம் 300 நாள் நடந்தால் 3,000 நடை. ஒரு நடைக்கு 16 ரூபாய். அருமையான முதலீடு. தினம் ஒரே ஒருவர் நடந்தால் 300 நடை. ஒரு நடைக்கு 160 ரூபாய். மெஷின் ஒன்றுதான், விலை பத்து மடங்கு வித்தியாசம். எந்த எண் நமக்குப் பொருந்தும்? யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நம் ஜிம் ரூமில் வருகைப் பதிவு கிடையாது.

வாங்குவதென்றால் சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். மோட்டாரின் குதிரைத் திறனை உச்ச அளவில் சொல்கிறார்களா, தொடர்ந்து ஓடும் அளவிலா? விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது உச்ச அளவு. வீட்டு உபயோக மெஷினைப் பொது இடத்தில் வைத்தால் வாரன்டி செல்லுமா? பல கம்பெனிகளில் செல்லாது. உதிரி பாகம் சென்னையில் கிடைக்குமா, எத்தனை நாளில் ஆள் வருவார்? கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம், துருவுக்கு வாரன்டி உண்டா?

குழந்தைகள் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பெலோட்டான் 2021 மே மாதம் ஒரு வகை டிரெட்மில்லைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ஒரு குழந்தை இறந்த பிறகு. நம் ஜிம் ரூமுக்குப் பூட்டு இல்லை. ஓட்டெடுப்பு வரை காத்திருக்காமல் நாளைக்கே பூட்டு போடச் சொல்கிறேன்.

என் யோசனை இது. மார்ச்சில் 6 லட்சத்துக்கு ஓட்டுப் போட வேண்டாம். முதல் கட்டமாக ஒன்றரை லட்சத்துக்குள் செய்வோம். ஓடுகிற டிரெட்மில்லுக்குப் புது பெல்ட்டும் சர்வீசும். படுத்துவிட்டதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடலாம். டம்பெல் ஒரு செட், ஒரு பெஞ்ச், மேட், ரப்பர் பேண்ட், நாலு உறுதியான நாற்காலி. டம்பெல் கெடாது, கரண்ட் கேட்காது, பெரியமேட்டுக் கடைகளில் கிலோ கணக்கில் எடை போட்டு வாங்கலாம். வாரம் மூன்று நாள் ஒரு பயிற்சியாளர், அதில் பெண்களுக்கு ஒரு பெண் பயிற்சியாளர். வாசலில் ஒரு நோட்டு. ஆறு மாதம் வருகிறவர்கள் பெயரும் நேரமும் எழுதட்டும். செப்டம்பரில் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தை முடிவு செய்வோம். கார்ப்பஸ் ஃபண்ட் லிஃப்டுக்கும் மொட்டை மாடிக் கசிவுக்கும் இருக்கிற பணம். அதை அவசரப்பட்டுத் தொடக் கூடாது.

கேள்விகள்

பேச்சு முடிந்ததும் பி பிளாக் தம்பி எழுந்தார். "அங்கிள், ரூம் இருட்டா, நாத்தமா இருக்கு. அதனாலதான் ஆளே வர்றதில்ல. இப்படியே வச்சுட்டு நோட்டு போட்டா நோட்டு காலியாத்தான் இருக்கும். அப்புறம் 'பார், யாரும் வரல'ன்னு சொல்லுவீங்க" என்றார். நியாயமான கேள்வி. எனக்கு அது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். ஆகவே முதல் கட்டத்திலேயே வெள்ளை அடிப்பது, விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன், ஒரு பெரிய கண்ணாடி சேர்க்க வேண்டும். அதற்கான தொகையைத் தம்பியே விசாரித்துச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்வி சி பிளாக் அம்மாவுடையது. அவர் கொஞ்சம் கோபமாகவே பேசினார். "நீங்க ஆம்பளைங்க, காலைல அஞ்சு மணிக்குக் கடற்கரைப் பக்கம் நடந்துட்டு வந்துடறீங்க. நான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரவே எட்டாயிடுது. அந்த நேரத்துல டிரெய்லர் ஓடுற ரோட்டுல, பிளாட்பாரம் இல்லாத இடத்துல எங்க நடக்கறது? எனக்கு டிரெட்மில்தான் ரோடு. பழசைத் தட்டிக் கொட்டி ஓட்டறேன்னு சொல்றீங்க, அது நடுவுல நின்னா விழறது நான்தானே?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை. 2023 நவம்பரில் அரசாங்கம் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது நல்ல விஷயம்தான். ஆனால் இரவு எட்டரை மணிக்கு அவர் வீட்டு வாசலில் அது இல்லை. பெண்களில் 57 பேர் என்ற எண்ணை நானே வாசித்துவிட்டு, அந்த 57ல் ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவில்லை.

அதனால் என் யோசனையைத் திருத்திக்கொள்கிறேன். பழையதைச் சரிசெய்வதற்குப் பதில், நல்ல டிரெட்மில் ஒன்று மட்டும் இப்போதே வாங்கலாம். பழையவை இரண்டும் எக்ஸ்சேஞ்சில் போகட்டும். மொத்தம் 4 லட்சத்தைத் தாண்டக் கூடாது. இரவு 8 முதல் 10 வரை பெண்களுக்கு மட்டும். இரண்டாவது டிரெட்மில்லையும் மல்டி ஜிம்மையும் செப்டம்பர் நோட்டு முடிவு செய்யட்டும். இதை ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் விருப்பம். எனக்கும் ஒரு ஓட்டுத்தான்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மார்ச்சுக்குள் உங்கள் பரண், பால்கனி, கட்டிலுக்கு அடியில் ஒருமுறை பாருங்கள். உபயோகிக்காத டம்பெல், மேட், ஸ்கிப்பிங் கயிறு இருந்தால் ஜிம் ரூமுக்குக் கொடுங்கள். செக்யூரிட்டி அறையில் பெயர் எழுதி வைத்துக்கொள்வார்கள். நோட்டு வந்ததும் முதல் பெயரை என் மனைவி எழுதப் போகிறாள். இரண்டாவது பெயர் என்னுடையது. எத்தனை நாள் வருகிறேன் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.